வாளி விளிம்பில் மண்

இன்று காலை என் மேசையில், திருத்தாமல் கிடக்கும் விடைத்தாள்களுக்குப் பக்கத்தில், மூடி போட்ட ஓர் அலுமினிய வாளி இருக்கிறது. சாப்பாட்டு வாளி. பழையது. கைப்பிடியில் நீல நைலோன் கயிறு சுற்றியிருக்கிறது, வலை பொத்துகிற அதே கயிறு. ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நெளிந்துபோய்க் கிடக்கிறது. பட்டறையில் கொடுத்தால் ஒரு தட்டில் நிமிர்த்தித் தந்துவிடுவான் என்று வாளிக்குச் சொந்தக்காரியிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "அது கிடக்கட்டும் ரீச்சர், சோறு கொள்ளுதுதானே" என்பார். நான் ரீச்சர் இல்லை, விரிவுரையாளர் என்று விளங்கப்படுத்துகிற எண்ணத்தையும் எப்போதோ கைவிட்டுவிட்டேன். மீன்குழம்பு மணம் அறை முழுக்க நிற்கிறது. பக்கத்து அறைக்காரர் சுத்த சைவம். இன்னும் சற்று நேரத்தில் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இந்த வாளி முதன்முதல் இந்தக் கட்டடத்துக்குள் வந்த நாளில் நான் ஒரு தாய்மீது வாய்க்கு வந்தபடி பாய்ந்தேன். அந்தத் தாயைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் பீடத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். புதிதாக வரும் மாணவர்களில், வீட்டில் ஒருவர்கூடப் பல்கலைக்கழக வாசலை மிதித்திராத பிள்ளைகளைத் தனியாக எடுத்து, ஆறேழு பேராக ஒவ்வொரு விரிவுரையாளரிடமும் ஒப்படைப்பது. வழிகாட்டி என்று எங்களுக்குப் பெயர். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம். வெளியே வந்ததும் "இனி இதுவும் எங்கடை தலையிலையோ" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. நான் உடுவிலில் பட்டதாரி ஆசிரியர் ஒருவரின் மகளாகப் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் எங்கே போய் யாரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கதைகளிலேயே வந்துவிட்டது. அப்படி வராத பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. ஏற்பாடு தொடங்கி மூன்றாம் வருடம், என் குழுவில் ஒருத்தன், கன்ரீன் விரிவுரையாளர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து, முதல் மாதம் முழுக்க மத்தியானத்தில் குழாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு திரிந்திருக்கிறான். ஒருத்தி காய்ச்சலில் வராமல் இருந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போல அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றாள். அந்த மனுசன் சேட்டுப் பொத்தானை மேல்வரை பூட்டி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நான் இருக்கச் சொன்ன கதிரையில் இருக்கமாட்டேன் என்று நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நானும் கதிரையை விட்டு எழுந்து நின்றேன்.

அந்தக் குழுவில் ஒருத்தி தொண்டைமானாற்றுப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். கணக்கில் கெட்டிக்காரி. கரும்பலகையில் நான் ஒரு வரியைத் தாண்டினால் அவள் கண் அந்த இடத்திலேயே நிற்கும். ஆனால் வாய் திறக்காது. முதல் நாள் தாய்தான் கூட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த, நெடுத்த மனுசி. சாரி அவருக்குப் பழக்கமில்லை என்பது கொசுவத்திலேயே தெரிந்தது. "ரீச்சர், இவைக்கு வகுப்பு ரீச்சர் ஆர்?" என்று கேட்டார். கம்பஸில் அப்படி ஒருவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்ததும், "நான்தான் எண்டு வையுங்கோவன்" என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "அப்ப என்ரை பிள்ளைக்கு ஒண்டெண்டால் நீங்கள்தான் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, மகளின் தலையில் ஒரு தரம் கையை வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் மாதம் அந்தப் பிள்ளையின் இருக்கை வெறுமையானது. ஒரு நாள், இரண்டு நாள் என்று ஒரு கிழமை தாண்டிவிட்டது. கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். முதல் பரீட்சை தவறிய பிள்ளை, அதுவும் வீட்டில் இதெல்லாம் தெரிந்த ஆள் இல்லாத பிள்ளை, பெரும்பாலும் திரும்பி வராது. குழுவில் மற்றவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கேட்டேன். "தெரியாது மிஸ்." எல்லோரும் ஒரே சொல், ஒரே குரல், ஒரே மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. சீனியர்மாரின் பகிடிவதை. சட்டப்படி குற்றம் என்று வாசலில் பலகை தொங்குகிறது. பலகைக்குப் பின்னால் அது பாட்டுக்கு நடக்கிறது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நான் தொண்டைமானாற்றுக்குப் போனேன். பாலத்தைத் தாண்டும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. வீடு கரையோரத்தில், பாதி கல், பாதி தகரம். தாய் வாசற்படியில் இருந்து இந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஓர் ஈர்க்கால் அதன் விளிம்பு மடிப்பைக் கிண்டிக் கிண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். மகள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. தகப்பன் வலையோடு முற்றத்தில் நின்றார். "படிச்சது காணும் ரீச்சர். அவள் இனி வரமாட்டாள்" என்றார், கோபமில்லாமல், முடிந்துபோன விசயத்தைச் சொல்வதுபோல.

தாய் சொன்னதிலிருந்துதான் கதை விளங்கியது. முதல் மாதமே சீனியர்மார் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள்: உங்கள் ஊரில் மீன் மலிவுதானே, எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு வா. பத்துப் பன்னிரண்டு பேருக்கு. அது வதை என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாறாகச் சந்தோசப்பட்டிருக்கிறார்கள். புதுப் பிள்ளைகள் சீனியர்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது கம்பஸில் எழுதாத சட்டம். மகள் வீட்டிலும் அப்படியே சொல்ல, தாய் அதை உள்ளபடி எடுத்துக்கொண்டார். "என்ரை பிள்ளைக்கு அண்ணை இல்லை ரீச்சர். அங்கை போய் இத்தினை அண்ணைமார், அக்காமார். அவை பசியெண்டு கேட்டால் நான் குடுக்கிறேல்லையே?" செல்வச்சந்நிதிக் கோயில் அன்னதான மடத்தில் சமையலுக்கு நின்று பழகியவர் அவர். யார் எவர் என்று கேட்டுச் சோறு போடுகிற வழக்கம் அந்தக் கைக்குத் தெரியாது. விடிவதற்கு முன் எழுந்து, புட்டோ சோறோ, மீன்குழம்போ பொரியலோ, வாளி நிறைய அனுப்பியிருக்கிறார். "ஒவ்வொரு நாளும் வழிச்சு நக்கின வாளிதான் வரும் ரீச்சர். அண்டைக்கு மட்டும் கழுவின வாளி வந்தது. ஒரு பக்கம் நெளிஞ்சும் போச்சு. கேட்டால், பஸ்ஸிலை விழுந்ததாம். அடுத்த நாள் தொடக்கம் போகேல்லை." சொல்லிவிட்டு மறுபடி ஈர்க்கை விளிம்பில் விட்டார். எனக்கு அப்போது அந்த வேலை எரிச்சலாக இருந்தது. பிள்ளையின் எதிர்காலம் ஆடிக்கொண்டிருக்கிறது, இந்த மனுசி வாளி மினுக்குகிறதே என்று.

பிள்ளையைப் பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், கதைக்காமல் பக்கத்தில் நின்றேன். நான் கதைக்காமல் நிற்பது என்னைத் தெரிந்தவர்களுக்குப் புதினம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். முதலில் நன்றாகத்தான் சாப்பிட்டார்களாம். பிறகு சூடை என்று பெயர் வைத்தார்களாம். சூடை எங்கள் கரையில் குவியலாகப் படுகிற சின்ன மீன், மலிவான மீன். நூலக வாசலில், விரிவுரை மண்டபத்தில், பஸ் தரிப்பில், எங்கே கண்டாலும் "ஏய் சூடை" என்று கத்துவது. ஒரு நாள் அவள் பொறுக்காமல், "அப்பிடிக் கூப்பிடாதேங்கோ அண்ணா" என்றிருக்கிறாள். அடுத்த நாள் மத்தியானம், கன்ரீனுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில், அவர்களில் உயரமான ஒருத்தன் "நாறுது" என்று சொல்லி வாளியைக் காலால் உதைத்தான். சோறும் குழம்பும் மண்ணில். ஒரு பருக்கை விடாமல் கையால் பொறுக்கி வாளியில் போடவேண்டும், பொறுக்கி முடியும்வரை "நான் சூடை" என்று சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி கைத்தொலைபேசியில் படம் பிடித்தாள். யாரிடமாவது சொன்னால் முகநூலில் போடுவோம் என்றார்கள். அவள் குழாயடியில் வாளியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"எனக்குப் பேர் வைச்சது பரவாயில்லை மிஸ்," என்றாள். "அது அம்மா இருட்டோடை எழும்பிச் சமைச்ச சோறு. அம்மாக்கு இது தெரியக்கூடாது. தெரிஞ்சால் நான் உயிரோடை இருக்கமாட்டன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பொடியனை என் கையாலேயே கன்னத்தில் அறையவேண்டும் போலிருந்தது. ஆனால் அறைந்து ஒன்றும் ஆகாது. பிள்ளை விசாரணைக்குழு முன்னால் வந்து, நடந்ததையும் செய்தவர்களையும் தன் வாயால் சொல்லவேண்டும். அதைத் தவிர அவளைத் திரும்பக் கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அந்தப் பாலத்தைத் தாண்டினேன். வருகிறேன் என்பாள், அடுத்த தரம் போனால் மாட்டேன் என்பாள். படம் வெளியே வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியுமா? முடியாது என்றேன். பீடத்தில் இதற்குள் காற்றுவாக்கில் செய்தி பரவிவிட்டது. சீனியர்மார் வகுப்பைப் பகிஷ்கரிக்கப் போகிறார்கள் என்றொரு கதை. என் ஸ்கூட்டியின் காற்று இரண்டு தரம் போனது. கூட வேலை செய்யும் ஒருவர், "உமக்கேன் உந்த விசர் வேலை? பொடியள் ரெண்டு நாள் விளையாடுவாங்கள், பிறகு விட்டிடுவாங்கள்" என்றார். "உங்கடை பிள்ளையெண்டால் உப்பிடிச் சொல்லுவியளோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. கடைசியில் பிள்ளை சம்மதித்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு: அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தகப்பனைக் கூட்டிக்கொண்டு வா, அம்மா வேண்டாம் என்றேன்.

விசாரணை ஒரு புதன்கிழமை. முதல் நாள் இரவு காற்றுத் திரும்பி, தகப்பன் கடலில் மாட்டிக்கொண்டார், கரைக்கு வரவில்லை. எனக்கு அது தெரியாது. காலையில் மேல்மாடி விறாந்தைக்கு ஏறி வந்தபோது கண்ட காட்சியில் என் கால் அப்படியே நின்றுவிட்டது. விசாரணை அறை வாசலில், முறைப்பாட்டில் பெயர் எழுதப்பட்ட நான்கு சீனியர்களும் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். மூன்று பொடியன்கள், ஒரு பெட்டை. எதிரே அந்தப் பிள்ளை, முகத்தில் இரத்தமில்லாமல். நடுவில், நிலத்தில், மூடி திறந்த இந்த வாளி. தாய் குந்தியிருந்து, வாழையிலைத் துண்டுகளில் சோறு போட்டு, குழம்பு விட்டு, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

விசாரணைக்கு வந்த முறைப்பாட்டுக்காரியின் தாய், குற்றவாளிகளுக்கு விருந்து வைக்கிறார். விசாரணைக்குழுவின் கண்ணில் பட்டால் எல்லாம் சமாதானமாகிவிட்டது என்று எழுதிவிட்டு எழுந்துபோவார்கள். அதற்கென்றே காத்திருக்கிறவர்கள் அதில் இருந்தார்கள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. "என்னம்மா செய்யிறியள்? உங்களுக்கு அறிவில்லையே? இவை ஆரெண்டு தெரியுமே உங்களுக்கு?" என்று விறாந்தை அதிரக் கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் ரீச்சர்" என்றார். "வாளி விளிம்புக்குள்ளை மண் இருந்தது. பஸ்ஸிலை ஏது மண்?"

பிள்ளை "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டாள், அழுகையா கூப்பாடா என்று தெரியாத சத்தம். தாய் அவளைப் பார்க்கவில்லை. கடைசி இலையில் சோற்றைப் போட்டு, அதை அந்த உயரமானவனிடம் நீட்டினார். அவன் கை வரவில்லை. "பிடியுங்கோ மேனை. பயத்திலை காலமை ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டியள். அண்டைக்கு உங்களுக்கெண்டு தந்தது நிலத்திலை கொட்டுப்பட்டுப் போச்சு. இண்டைக்கு விழாமல் சாப்பிடுங்கோ. சூடைமீன்தான். உங்களுக்குத் தெரிஞ்ச மீன்தானே." குரலில் ஒரு ஏற்றம் இறக்கம் இல்லை. அவன் இலையை வாங்கினான். வாங்கிக்கொண்டு சுவரோடு சாய்ந்தபடியே கீழே குந்திவிட்டான். அந்தப் பெட்டை இலையைக் கையில் வைத்துக்கொண்டு விம்மத் தொடங்கினாள். மற்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாராமல் தின்றார்கள். உயரமானவன் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தான். மென்றுகொண்டே இருந்தான், அது உள்ளே இறங்கவில்லை. தாய் எழும்பி நின்று, தண்ணீர்ப் போத்தலை அவன் பக்கத்தில் வைத்தார். அவன் தின்று முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. என் வாழ்க்கையில் ஒருவன் சாப்பிடுவதைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

அறைக்கதவு திறந்தது, பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். "வேண்டாம் அம்மா, வீட்டை போவம். நீங்கள் சாப்பாடும் குடுத்திட்டியள், நான் இனி என்னெண்டு சொல்லுறது?" தாய் அவளின் மணிக்கட்டைப் பிடித்தார். சோற்றுக் கை அது, குழம்பு அவள் கையிலும் பட்டது. "எங்கடை சோத்தைக் கொட்டினது பிழை. நீ நித்திரையிலை பிதற்றின அந்தப் பேராலை உன்னைக் கூப்பிட்டதும் பிழை. உள்ளை போய் நடந்ததைச் சொல்லு. ஒண்டும் கூட்டாதை, ஒண்டும் குறைக்காதை. நான் குடுத்ததை யோசிச்சு வாயை மூடிக்கொண்டு வராதை. சாப்பாடு வேறை, நியாயம் வேறை."

உள்ளே அவள் சொன்னாள். மெல்லிய குரலில், கணக்குச் செய்து காட்டுவதுபோல வரி வரியாக. எந்த மரத்தடி, யார் எங்கே நின்றது, யார் என்ன சொன்னது, யார் படம் பிடித்தது. வாளியை உதைத்தது யார் என்று கேட்டபோது சற்று நின்றாள். பிறகு பெயரைச் சொன்னாள். குழுவில் மூத்தவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவனும் படிக்கிற பொடியன்தானே பிள்ளை, அவன்ரை எதிர்காலத்தையும் பாக்கவேணும். நீர் மன்னிச்சு விடலாமே?" என்றார். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "அதை நீங்கள்தான் முடிவெடுக்கோணும் சேர். நான் நடந்ததைச் சொல்லிப்போட்டன்." அந்த மனுசன் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அடுத்ததாக உயரமானவனைக் கூப்பிட்டார்கள். அவன் ஒன்றையும் மறுக்கவில்லை. அவனுக்கு ஒரு வருடம் வகுப்புத்தடை. மற்ற மூவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. படம் கைத்தொலைபேசியிலிருந்து எப்போது அழிந்ததென்று எனக்குத் தெரியாது. வெளியே வரவில்லை.

தீர்ப்புக் கிடைத்த பின்னேரம் நான் வெற்றி பெற்றவள்போல அந்தத் தாயிடம் செய்தி சொன்னேன். அவர் சந்தோசப்படவில்லை. "அந்தப் பொடியன் இண்டைக்கு வீட்டை போய் என்னெண்டு சொல்லுவான்?" என்று கேட்டார். "சொல்லட்டும், இல்லாட்டி விடட்டும். எங்களுக்கென்ன?" என்றேன். "அவன்ரை வீட்டிலையும் கம்பஸ் தெரிஞ்ச ஆக்கள் இல்லைப்போல கிடக்கு ரீச்சர். சாப்பிட்ட விதத்திலை தெரிஞ்சது. நீங்கள் எங்கடை வீட்டை வந்த மாதிரி அங்கையும் ஒருக்கால் போங்கோவன்." எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அது என்ரை வேலையில்லை" என்றேன். "அப்ப ஆற்றை வேலை?" என்றார். நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யாருடைய வேலை என்று நானும் யோசித்துப் பார்த்தேன், ஒரு பெயரும் வரவில்லை. கழுவித் தருகிறேன் என்று நான் வாங்கிவைத்த வாளி ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதோடேயே மறுநாள் தென்மராட்சியில் அவன் வீட்டைத் தேடிப் போனேன், வழி முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு.

அது வெங்காயத் தறைகளுக்கு நடுவில் ஒரு சின்ன வீடு. தாய் மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். மகனுக்குக் கம்பஸ் லீவு என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டார். அவன் அறைக்குள் இருந்தான், நெற்றியை முழங்காலில் முட்டுக்கொடுத்தபடி. சின்னத் தங்கச்சி ஒருத்தி அயல்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவனும் இரண்டு வருடங்களுக்கு முன் வழிகாட்டி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைதான், ஆனால் அந்த வீட்டுப் படலையைப் பல்கலைக்கழகத்திலிருந்து யாரும் திறந்ததில்லை. முதல் வருடத்தில் அவனுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். சொன்னான். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது என்றும் முகத்துக்கு நேரே சொன்னேன். "ஓம் மிஸ்" என்றான். வருடம் முடிய வந்து சேர், சேராவிட்டால் நானே வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன் என்றேன். புறப்படும்போது அவனுடைய தாய், "அந்த வாளி ஆற்றை?" என்று கேட்டார். சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அவர் வாளியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது வாளி நிறையச் சின்ன வெங்காயம். "குழம்புக்கு வேணும்தானே" என்றார். வாளியை வெங்காயத்தோடேயே தொண்டைமானாற்றில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளை வந்தாள். வாளியோடு வந்தாள், அது எனக்கே ஆச்சரியம். கன்ரீனுக்குப் பின்னால் அதே மரத்தடியில் போய் இருந்து, மூடியைத் திறந்து தனியே சாப்பிடத் தொடங்கினாள். நான் மேல்மாடி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் படியில் உருண்டு விழுந்தாவது கீழே போய்விடவேண்டும் என்று நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. சற்று நேரத்தில் என் குழுவில் குழாய்த் தண்ணீர் குடித்துத் திரிந்த அந்தப் பொடியன் போய் அவள் பக்கத்தில் இருந்தான். அவள் மூடியில் சோறு போட்டுக் கொடுத்தாள். நான் யன்னலை விட்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஆசை தீர அழுதேன். இன்றைக்கு அவள் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். அந்த உயரமானவன் வருடம் முடிய வந்து சேர்ந்தான், படித்து முடித்தான், வேலையும் கிடைத்தது. அவர்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. கதைக்கவேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

போன கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு. அவன்தான். குரல் கனத்துவிட்டது, ஆனாலும் "மிஸ்" என்ற சொல்லிலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். தங்கச்சிக்கு எங்கள் பீடத்திலேயே இடம் கிடைத்திருக்கிறதாம். வருகிற திங்கள் முதல் நாள். "மிஸ், அவள் ஒண்டும் தெரியாதவள். அவளை ஆரும்..." என்றான். எனக்கு நாக்கின் நுனியில் என்னென்னவோ வந்தது. நான் நல்லவள் என்று பெயரெடுத்தவள் அல்ல. "ஆரும் வாளியை உதைச்சுப் போடுவாங்களோ எண்டு பயமோ?" என்று கேட்டேவிட்டேன். "ஓம் மிஸ். பயம்தான். நித்திரை வரேல்லை" என்றான். நடந்தது தங்கச்சிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். அந்த வருடம் அண்ணை தோட்ட வேலைக்காக நின்றதென்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். "அவள் கேட்டால் நீதான் சொல்லோணும். நான் பொய் சொல்லித் தரமாட்டன்" என்றேன். "ஓம் மிஸ்" என்றான்.

அடுத்ததாகத் தொண்டைமானாற்றுக்கு எடுத்தேன். புதுப் பிள்ளைகள் வரும் முதல் நாளில் என் குழுவுக்கு அந்தத் தாயின் சாப்பாடுதான், அது வருடா வருடம் நடப்பது. இம்முறை வருகிறவர்களில் ஒருத்தி யாருடைய தங்கச்சி என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவரிடம் எதையும் மறைத்து வெல்ல முடியாது என்பதை நான் ஒரு தரம் கண்டவள். "ரீச்சர்" என்றார். "அந்தப் பிள்ளை மீன் சாப்பிடுமோ?"

அந்த வாளிதான் இப்போது மேசையில் இருக்கிறது. காலை முதல் பஸ்ஸில் அவரே கொண்டுவந்து வைத்துவிட்டு, சந்நிதியில் சமையலுக்கு ஆள் இல்லை என்று உடனே திரும்பிவிட்டார். மூடியைத் திறந்து பார்த்தேன், சூடைக் குழம்பு. அன்றைக்கு வேண்டுமென்றுதான் சூடை கொண்டுவந்தீர்களா என்று முன்பு ஒரு தரம் கேட்டதற்கு, "அண்டைக்குக் கரையிலை சூடைதான் கிடைச்சது ரீச்சர்" என்றார். இன்றைக்குக் கேட்க ஆள் இல்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். அவள் கடைசியாக வந்தாள். அண்ணையின் உயரம், அதே நெற்றி. இருக்கச் சொன்னாலும் இருக்காமல், கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவள், "நான் போட்டுக் குடுக்கட்டோ மிஸ்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வாளியைத் தூக்கித் தன் பக்கம் திருப்பினாள். விரல் அந்த நெளிவில் பட்டது. தடவிப் பார்த்தாள்.

"மிஸ், உது எப்பிடி நெளிஞ்சது?"

"முதல் சாப்பிடு பிள்ளை," என்றேன். "பிறகு வீட்டை போய் அண்ணையைக் கேள்."